மசக்கை: மருந்து சரி, நேரம் தப்பு. ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வருவது ஒரே ஒருவருடைய மருத்துவக் குறிப்பு அல்ல. முதல் மூன்று மாத வாந்திக்காக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் போக்கை ஒரு கர்ப்பிணியின் மேல் வைத்து எழுதியது. அவருடைய எடை, நாடி, பரிசோதனை எண்கள் விளக்கத்துக்காகப் பொருத்தியவை. மருந்தின் அளவும் சிகிச்சை முறையும் நடைமுறையில் உள்ளவை.

வந்தபோது

வயது 27, முதல் கர்ப்பம், 6 வாரம் 5 நாள். ஐந்தரை வாரத்தில் குமட்டல் தொடங்கி, ஒரு வாரமாக வாந்தியும் சேர்ந்துகொண்டது. கர்ப்பத்துக்கு முன் 54 கிலோ, வந்த அன்று 52.6, குறைந்தது 2.6%. நாடி 88, ரத்த அழுத்தம் 104/68. காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் எரிச்சல் எதுவும் இல்லை. ஸ்கேனில் கருப்பைக்குள் ஒரே கரு, இதயத் துடிப்புடன். சிறுநீரில் தொற்று இல்லை.

டாக்ஸிலமின் 10 மி.கி., பைரிடாக்ஸின் (விட்டமின் பி6) 10 மி.கி. சேர்ந்த குமட்டல் மாத்திரை ஏற்கெனவே எழுதித் தரப்பட்டிருந்தது. ‘போட்டுப் பார்த்தாச்சு, கேக்கல’ என்பதுதான் அவர் கொண்டுவந்த முதல் புகார். வேறு மருந்துக்கு மாற்றலாமா என்பது கேள்வி. மாற்றுவதற்கு முன் அதை எப்படிப் போட்டார் என்று கேட்க வேண்டும்; இந்த நிகழ்வின் முக்கால் பங்கு அந்தப் பதிலில்தான் இருந்தது.

முதலில் தீவிரத்தை எண்ணாக்கிக்கொண்டோம். ‘ரொம்ப வாந்தி’ என்று எழுதி வைத்தால் அடுத்த வாரம் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கென்றே உள்ள பியூக் அளவுகோலில் மூன்றே கேள்விகள். மூன்றும் கடந்த 24 மணி நேரத்தைப் பற்றியவை. குமட்டல் எத்தனை மணி நேரம்: இல்லவே இல்லை என்றால் 1, ஒரு மணிக்குள் 2, இரண்டு மூன்று மணி 3, நான்கிலிருந்து ஆறு மணி 4, அதற்கு மேல் 5. வாந்தி எத்தனை முறை: இல்லை 1, ஒன்றிரண்டு 2, மூன்று நான்கு 3, ஐந்தாறு 4, ஏழும் மேலும் 5. எதுவும் வெளியே வராத வெறும் ஓங்கரிப்புக்கும் இதே கணக்கு. கூட்டினால் 6 வரை லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13-உம் அதற்கு மேலும் கடுமை. இவருக்கு 5, 3, 2, மொத்தம் 10.

ஒரு நாளை விரித்துப் பார்த்தால்

முந்தைய நாளில் நடந்ததை நேரவாரியாகச் சொல்லச் சொன்னோம். காலை 6 மணிக்கு எழுந்ததும் ஒரு முழு டம்ளர் தண்ணீர். உடனே புதினா நெடி தூக்கலான பேஸ்டில் பல் விளக்கல். 6.20-க்கு முதல் வாந்தி. அதன் பிறகு, வாந்தி வந்துவிட்டதே என்று குமட்டல் மாத்திரை ஒன்று. 7.30-க்குக் கர்ப்பகால விட்டமின் மாத்திரை, காபியோடு. 9 மணிக்கு, காலையில் எதுவும் தங்கவில்லையே என்ற கவலையில் முழுத் தட்டு உணவு, கூடவே தண்ணீர்; பாதி வெளியே வந்தது. மதியம் சமையல் வாசனை தாங்காமல் நாலு வாய். அதன் பிறகு மாலை 6 வரை ஒன்றுமில்லை; குமட்டல் உச்சத்தில் இருந்தது அந்த 4 முதல் 6 மணி வரைதான். இரவு வயிறு முட்டச் சாப்பாடு. விடியற்காலை 3 மணிக்கு ஓங்கரிப்போடு விழிப்பு.

இந்த ஒரு பக்கத்திலேயே சரிசெய்யக்கூடியவை ஐந்தாறு இருக்கின்றன. ஆனால் அடிப்படைக் காரணம் இவற்றில் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ‘நான் சரியாகச் சாப்பிடாததால்தான் இப்படி’ என்று கர்ப்பிணி தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வார். நஞ்சுக்கொடி ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் உள்ள ஏற்பியைப் போய்ச் சேர்கிறது. கர்ப்பத்துக்கு முன் ரத்தத்தில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்தவர்களுக்கு, திடீரென அது ஏறும்போது அவதி அதிகம் என்பதை 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு எப்போதுமே இது கூடுதலாக இருப்பதால் மசக்கை குறைவு என்பதும் அதே ஆய்வில் வந்தது. மனப்பலம் போதாது, கர்ப்பத்தை உள்ளூர விரும்பவில்லை என்றெல்லாம் பழைய நாளில் சொல்லிவந்ததற்கு இனி இடமே இல்லை. வெறும் வயிறு, வயிறு கொள்ளாத அளவு, வாசனை ஆகியவை ஏற்கெனவே எரியும் தீயில் ஊற்றும் எண்ணெய் மட்டும்தான்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை

அந்த மாத்திரை வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சு போட்டது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் பைரிடாக்ஸின் உச்சத்தை எட்ட ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம், டாக்ஸிலமின் எட்ட ஏழரை மணி நேரம் ஆகும். உணவோடு போட்டால் இன்னும் தள்ளிப்போகும். வாந்தி வந்த பிறகு காலை 6.30-க்குப் போட்டது மதியத்துக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். ஒரு மாத்திரையின் அளவும் போதாது. தலைவலி மாத்திரை மாதிரி தேவைப்படும்போது போடுகிற மருந்து அல்ல இது. தினமும் போட்டு, ரத்தத்தில் ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டியது. பொடித்தோ கடித்தோ போட்டால் மேற்பூச்சு போய், தாமதமாகக் கரையும் பயனும் போய்விடும்.

மாற்றிய முறை: முதல் இரவு இரண்டு மாத்திரை. மறுநாள் நாள் முழுக்க அடங்கியிருந்தால் அதே அளவு போதும். இரண்டாம் நாள் பிற்பகலிலும் குமட்டல் நீடித்தால் அன்றிரவு வழக்கம்போல் இரண்டு போட்டு, மூன்றாம் நாள் காலை ஒன்று கூட்டி, நாளுக்கு மூன்று. அதிலும் அடங்காவிட்டால் நான்காம் நாள் முதல் பிற்பகல் நடுவே இன்னொன்று. நாளுக்கு நான்குதான் உச்சவரம்பு. இவருக்கு நான்கு தேவைப்பட்டது. தூக்கக் கலக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டக்கூடாது. சளிக்கோ தூக்கத்துக்கோ வேறு மாத்திரை சேர்க்கக்கூடாது என்றும் சொன்னோம்.

‘இந்த மாசத்துல மாத்திரையே வேண்டாம்மா, பிள்ளைக்கு ஆகாது’ என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1950-களின் கடைசியிலிருந்து 1961 வரை தாலிடோமைடு மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். டாக்ஸிலமின் கூட்டு மருந்தின் கதை வேறு. பெண்டெக்டின் என்ற பெயரில் விற்ற அதை வழக்குகளின் செலவு தாங்காமல் தயாரிப்பாளரே 1983-இல் நிறுத்தினார். பிறகு நடந்த ஆய்வுகளில் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு பெயரில் மீண்டும் அனுமதித்தது. இதை இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்காமல் சீட்டை மட்டும் நீட்டினால் மருந்து கைப்பையிலேயே கிடக்கும்.

விட்டமின் மாத்திரையில் இருந்த இரும்புச்சத்து இன்னொரு குற்றவாளி. இரும்பு வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கலைத் தரும்; மலச்சிக்கல் திரும்பவும் குமட்டலைக் கூட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.8 இருந்ததால் இரும்பைச் சில வாரம் தள்ளிப்போட்டு, ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மட்டும் தனி மாத்திரையாக மாற்றினோம். 12 வாரம் வரை அதை விடக்கூடாது. குட்டி மாத்திரை, எந்த நேரத்தில் வயிறு அமைதியாக இருக்கிறதோ அப்போது போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டிலும் தண்ணீரிலும் மாற்றியவை

‘காலையில் இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவதை ஆலோசனை என்று சொல்ல முடியாது. எப்போது, எவ்வளவு, அடுத்து என்ன என்பதுதான் விஷயம்.

இரவு உணவு 7.30-க்கு, பாதி வயிறு. மாத்திரை 9.30-க்கு, நடுவில் ஒன்றும் வேண்டாம், மருந்து தாமதமாகாமல் இறங்கட்டும். இந்த வாரங்களில் இரவு சிறுநீர் கழிக்க எழுந்திருக்காதவர் குறைவு. அப்படி 2, 3 மணிக்கு எழும்போது தலைமாட்டில் மூடி வைத்த டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி வறுத்த கடலை அல்லது பாதாம். மாவுச்சத்து மட்டுமுள்ளதைவிடப் புரதம் உள்ள நொறுக்கு குமட்டலை நன்றாக அடக்குகிறது. விடியற்கால ஓங்கரிப்பு வெறும் வயிற்றால் வந்தது என்பதால் இதுதான் அதற்கு நேரடி மருந்து.

காலையில் கண் விழித்ததும் எழுந்து நிற்காமல், தலையணையைச் சாய்த்து வைத்து இரண்டு உப்பு பிஸ்கட் அல்லது ஒரு ரஸ்க், மெதுவாக மென்று. 15, 20 நிமிடம் அப்படியே. பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. தண்ணீர் அதன் பிறகு அரை மணி கழித்துத்தான். காலி வயிற்றில் 250 மி.லி. ஒரே மூச்சில் இறங்குவது, அது எவ்வளவு நல்ல பழக்கமாக இருந்தாலும், இந்த வாரங்களுக்குப் பொருந்தாது.

பல் விளக்குவதை முதல் உணவு தங்கிய பிறகு 9 மணி வாக்கில் வைத்துக்கொண்டார். நுரையும் நெடியும் குறைந்த பேஸ்ட், குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ், நாக்கின் பின்பக்கம் தொடாமல். வாந்தி எடுத்த உடனே பல் விளக்கவே கூடாது. அமிலத்தில் மென்மையான எனாமலைப் பிரஷ் தேய்த்துக் கொண்டுபோய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரமாவது கழித்து விளக்கலாம்.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணம் அளவு. பசி எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பசி தெரியும்போது குமட்டல் முந்திக்கொண்டிருக்கும். திடமான உணவுக்கும் திரவத்துக்கும் நடுவே 20 முதல் 30 நிமிட இடைவெளி. ஆறிய உணவில் வாசனை குறைவாக எழும் என்பதால் சூடாகப் பரிமாறுவதை நிறுத்தினோம். எண்ணெய் அதிகமானது வயிற்றில் வெகுநேரம் தங்கும், அது வேண்டாம். சமையல் வேலை வேறொருவர் கைக்குப் போனது. சத்துணவுப் பட்டியலை இந்த வாரங்களில் மூட்டை கட்டி வைத்துவிடலாம். எது தங்குகிறதோ அது சாப்பாடு. நாலு நாள் உருளைக்கிழங்கும் தயிரும் மட்டுமே இறங்கினால் பரவாயில்லை.

தண்ணீரைக் கணக்கு போட்டுக் காட்டியதுதான் அதிகம் உதவியது. 10 நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. மணிக்கு 90, விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,260 மி.லி. ஒரு மடக்குகூடக் குடிக்காமல் ஒரு லிட்டரைத் தாண்டிவிடலாம். குளிரவைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல் நன்றாக இறங்கும். பாக்கெட் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை ‘சுவைக்காக’ கூட்டினால் தாகமும் குமட்டலும் ஏறும். ஐஸ் துண்டுகளைச் சப்புவதும் கணக்கில் சேரும். வாயில் உமிழ்நீர் ஊறி ஊறி நிறைந்தால் விழுங்காமல் துப்பிவிடுவது நல்லது. அந்த விழுங்கலே சிலருக்கு ஓங்கரிப்பைக் கிளப்புகிறது.

இஞ்சியையும் முயன்றார். பொடி நிரப்பிய 250 மி.கி. கூடு, நாளுக்கு நான்கு, மொத்தம் ஒரு கிராம். லேசான மசக்கையில் ஓரளவு பலன் தரும். இவருக்கு நெஞ்செரிச்சல் வந்தது, மூன்றாம் நாளே விட்டுவிட்டார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் அழுத்தும் பட்டையால் கெடுதல் இல்லை. ஆய்வு முடிவுகள் ஒருபடித்தாக இல்லை. அதை மட்டும் நம்பி மாத்திரையை விடாதவரை கட்டிக்கொள்ளட்டும்.

எட்டாம் நாள் பியூக் 6: குமட்டல் 3, வாந்தி 2, ஓங்கரிப்பு 1. எடை 52.7. குமட்டல் முழுதாகப் போகவில்லை. போகும் என்று சொல்லவும் இல்லை. சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறதா, எடை நிற்கிறதா என்பதுதான் இலக்கு.

திரும்பவும் சரிந்தது

8 வாரம் 5 நாளில் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினார். சரியாகிவிட்டது என்ற எண்ணம், பயமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மசக்கை உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் ஒன்பதாம் வாரத்தை ஒட்டி; ஏற்றத்தின் நடுவில் கைப்பிடியை விட்டதுபோல் ஆனது. இங்கே குறை மருந்து எழுதிய தரப்பிலும் உண்டு. எப்போது தொடங்குவது என்று சொல்லும் சீட்டில் எப்போது, எப்படி நிறுத்துவது என்றும் இருக்க வேண்டும்.

9 வாரம் 2 நாளில் வந்தார். 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. சிறுநீர் நாளில் இரண்டே முறை, அடர் மஞ்சள். நாடி 112, எழுந்து நின்றால் தலைசுற்றல். எடை 51, கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5.6% போயிருந்தது. பியூக் 13. சோடியம் 133, பொட்டாசியம் 3.1. எடை 5%-க்கு மேல் குறைந்து, நீர்ச்சத்தும் உப்புகளும் வற்றிய இந்த நிலை சாதாரண மசக்கை அல்ல, கடுங்கர்ப்ப வாந்தி. இங்கே பிஸ்கட், இஞ்சி எதையும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

சிறுநீரில் கீட்டோன், அதாவது உடல் கொழுப்பை எரிக்கும்போது வெளிவரும் பொருள், மூன்று பிளஸ் இருந்தது. பல இடங்களில் கீட்டோன் இருந்தால்தான் படுக்கை, இல்லையென்றால் வீடு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது தவறு. கீட்டோன் நீர்ச்சத்து இழப்பின் அளவையோ நோயின் கடுமையையோ காட்டுவதில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2024 வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாடி, எடை, சிறுநீரின் அளவு, எதுவும் தங்காத நேரம் ஆகியவற்றை வைத்தே முடிவு எடுத்தோம்.

டிரிப்பில் முதலில் ஏறியது தயமின் 100 மி.கி. உடலில் இந்த விட்டமினின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது வற்றிய நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினையும் குளுக்கோஸ் செலவழித்துவிட, மூளையைத் தாக்கும் வெர்னிக்கே நோய் வெடிக்கலாம்: குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம். மூன்றும் ஒன்றாக வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ‘சாப்பிடவே இல்லையே, குளுக்கோஸ் போடுங்க’ என்று உடன் வந்தவர்கள் கேட்பது இயல்பு. மறுக்க இதுதான் காரணம்.

ஏற்றிய திரவம் 0.9% சலைன். முதல் லிட்டர் இரண்டு மணி நேரத்தில். சிறுநீர் போகத் தொடங்கியதும், அடுத்தவற்றில் லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு கலந்து, மணிக்கு 10 மில்லிமோலைத் தாண்டாத வேகத்தில். பொட்டாசியத்தை நேரடியாக ரத்தக்குழாயில் தள்ளவே கூடாது; இதயம் நின்றுவிடும். சோடியம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு வேகமாக உயர்த்துவதும் ஆபத்து. இவருக்கு 133 என்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

வாந்தியை நிறுத்த மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி., குறைந்தது மூன்று நிமிடம் எடுத்து மெதுவாக ஊசியில். வேகமாகத் தள்ளினால் படபடப்பு. சிலருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும், அப்படியானால் உடனே நிறுத்த வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் தொடருவதில்லை. ஆன்டன்செட்ரான் என்ற இன்னொரு வாந்தி மருந்து ஏன் முதலில் இல்லை என்றால், அது இதயத்தின் மின்னோட்ட இடைவெளியை நீட்டும், பொட்டாசியம் 3.1-இல் அது கூடாத சேர்க்கை. முதல் மூன்று மாதத்தில் பயன்படுத்தினால் பிளவுபட்ட உதடு அல்லது அண்ணம் 10,000 பிறப்புக்கு மூன்று அளவில் கூடலாம் என்றும் தரவு உண்டு. மற்றவை தோற்றால் அதைத் தரத் தயங்க வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டுத் தர வேண்டும்.

வாடி வதங்கி அசையாமல் படுத்திருக்கும் கர்ப்பிணிக்கு ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும் என்பதால் மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளும் ஹெப்பாரின் வகை ஊசி.

தைராய்டு எண்கள் கொஞ்சம் மிரட்டின: தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 0.05 என்று மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 சற்றே மேலே. கழுத்தில் வீக்கமோ கை நடுக்கமோ இல்லை, கண்களில் மாற்றம் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை. கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் டி.எஸ்.எச்.சைப் போன்ற அமைப்புள்ளது, தைராய்டை அதுவே தூண்டிவிடும். மருந்து தரவில்லை, தானாக இறங்கி 16-ஆம் வாரத்தில் இயல்புக்கு வந்தது. ஸ்கேனை மறுபடி பார்த்து இரட்டைக் கரு, முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (நஞ்சுத் திசு முத்து முத்தாக வீங்கி வளரும் கோளாறு) இரண்டும் இல்லையென்று உறுதி செய்துகொண்டோம்.

இன்னொன்றையும் விலக்கியாக வேண்டும். வாந்தி முதன்முதலாக 10, 11 வாரத்துக்குப் பிறகு தொடங்கினால், அல்லது காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, கடும் தலைவலி கூட வந்தால் அதை மசக்கைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சிறுநீரகத் தொற்று, குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், கணைய அழற்சி, சர்க்கரை நோயின் கீட்டோ அமிலம் எல்லாம் இதே வேடத்தில் வரும். கர்ப்பம் என்ற ஒரே சொல்லால் இவை தவறவிடப்படுவது நடக்கிற விஷயம்தான்.

வீட்டுக்கும் அதற்குப் பிறகும்

இரண்டாம் நாள் மாலை நாடி 84, பொட்டாசியம் 3.7, பியூக் 7. நாளுக்கு நான்கு என்று பழைய மாத்திரை, தயமின் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மருந்து ஆகியவற்றோடு அனுப்பினோம். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், 24 மணி நேரம் எதுவும் தங்காவிட்டால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், எடை வாரத்தில் ஒரு கிலோ இறங்கினால் நேரம் பார்க்காமல் வரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். எடையை வாரம் இருமுறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு பார்க்கச் சொன்னோம்.

13-ஆம் வாரத்தில் பியூக் தொடர்ந்து 5-க்குள் இருந்ததும் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினோம். முதலில் பிற்பகல் மாத்திரை. நான்கு நாள் கழித்துக் காலை மாத்திரை. இன்னொரு நான்கு நாள் கழித்து இரவு இரண்டை ஒன்றாக்கியபோது பியூக் 4-லிருந்து 7-க்கு ஏறியது. மறுபடி இரண்டாக்கி ஒரு வாரம் நிறுத்திவைத்து, பிறகு குறைத்ததில் 16-ஆம் வாரத்தில் முழுதாக விட முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீளும் சிறு பங்கினர் உண்டு. அவர்களிடம் ‘மூன்று மாதம் முடிந்தால் போய்விடும்’ என்று தேதி குறித்துச் சொல்லியிருந்தால் அந்தத் தேதி கடந்த மறுநாள் அவர்கள் உடைந்துபோவார்கள்.

16-ஆம் வாரத்தில் எடை 53.8. இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள், இரவு உணவுக்குப் பிறகு தொடங்கினோம். கோப்பின் முதல் பக்கத்தில் அடுத்த கர்ப்பத்துக்கான குறிப்பு சேர்க்கப்பட்டது: கடுங்கர்ப்ப வாந்தி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, ஒரு மாதம் முன்பிருந்து விட்டமின் மாத்திரை, பரிசோதனையில் கர்ப்பம் உறுதியான அன்றிரவே, குமட்டலுக்குக் காத்திராமல், டாக்ஸிலமின்–பைரிடாக்ஸின் இரண்டு.